அட்டைக்கு நிறம் பார்த்தார்கள்

"யாரும்மா இது?" என்று கேட்டாள் மாமியார்.

கையிலிருந்த அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பேனாக்களை மருமகள் ஓரமாக ஒதுக்கினாள்.

"நம்ம குட்டிதான் அத்தை."

"அது தெரியுது. அதனாலதான் கேக்கறேன்."

மருமகள் கையால் வாழ்த்து அட்டை செய்கிறவள். ரப்பர் அச்சை மையில் ஒற்றி, கெட்டித் தாளில் பதித்து, கோடு காய்ந்த பிறகு உள்ளே வண்ணம் தீட்டுவாள். பிறந்த நாள், புது வீடு, உடம்பு தேறட்டும் என்று எதற்கும் அவளிடம் ஓர் அச்சு உண்டு. கடைவீதியில் இரண்டு கடைகளுக்கு அவள் அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. நாத்தனார் குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அழைப்பை வெளியே கொடுத்து அடிக்க வேண்டாம், வீட்டிலேயே ஒரு கைக்காரி இருக்கும்போது என்று முதலில் சொன்னதே மாமியார்தான். அதற்காகச் செய்த மாதிரி அட்டை இது. ஒரு பெரிய மரம், மரத்தடியில் கைகோத்து நிற்கும் பெண்ணும் மாப்பிள்ளையும், பின்னால் இரண்டு வீட்டுப் பெற்றோர்களும்.

குட்டியின் முகத்துக்கு மருமகள் மூன்று பழுப்புப் பேனாக்களை எடுத்திருந்தாள். இளசானதை முதலில் பூசி, ஈரம் காய்வதற்குள் அடுத்ததை அதன்மேல் ஓட்டி, தாடைக்குக் கீழே நிழல் விழும் இடத்தில் ஆழ்ந்த பழுப்பைக் கொடுத்து, கன்னத்தில் செங்கல் நிறத்தை லேசாகத் தொட்டு, மூக்கு நுனியைச் சும்மா விட்டிருந்தாள். பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் போகப்போற அட்டை. வீடு வீடா இதைக் குடுத்துத் தண்டோரா போடணுமா?" என்றாள் மாமியார்.

"எல்லாரும் அவளைப் பாத்தவங்கதானே அத்தை."

"பாத்தது வேற, அச்சடிச்சுக் குடுக்கறது வேற. பாத்ததை மறந்துடுவாங்க. அச்சடிச்சதை எடுத்து வெச்சுக்குவாங்க."

இந்த வீட்டில் குட்டி கறுப்பு என்று யாரும் சொல்வதில்லை. வெயிலில் சுற்றி அப்படி ஆகிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்கிறாள். பகல் முழுக்கத் தெருத்தெருவாகப் போவது உண்மைதான். ஆனால் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவிலும் அவள் இதே நிறம்தான். அன்றைக்கு எந்த வெயிலில் சுற்றினாள் என்று யாரும் கேட்டதில்லை.

மாமியார் பேனாக் குவியலைக் கிளறி ஒன்றை எடுத்தாள். அதன் முதுகில் 'தோல் நிறம்' என்று அச்சடித்திருந்தது. வெளிறிய ரோஜா வண்ணம். சோப்புக் கட்டிக்கு வரலாம், மனிதருக்கு வராது.

"இதோ இருக்கு பாரு. தோல்னே எழுதியிருக்கான். பேனா பண்றவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அதை நான் பன்னிக்குட்டி போடறதுக்குத்தான் வெச்சிருக்கேன் அத்தை."

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். மருமகள் நல்ல சிவப்பு. மகனுக்குப் பெண் தேடிய நாளில், படிப்பு குணமெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று மாமியார் தீர்மானித்தது இவள் முழங்கையைப் பார்த்துத்தான்.

"உனக்கென்ன, நீ சொல்லுவ" என்றாள்.

எப்போது நிறப் பேச்சு வந்தாலும் அந்த ஒரு சொல் மருமகளின் வாயைத் தைத்துவிடும். புதுத் தாள் எடுத்து, மறுபடி அச்சுப் பதித்து, குட்டியை இரண்டு பேனா தூக்கிப் போட்டாள்.

மறுநாள் அவள் கணவன் அந்த மாதிரியை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனான். பெயின்ட் கடையில் வேலை செய்கிறவன் அவன். அம்மா பேச்சையும் தட்டமாட்டான், பெண்டாட்டி பேச்சையும் தட்டமாட்டான். அதனால் எந்தக் காரியத்திலும் அவனுக்கு அலைச்சல் மட்டுமே மிஞ்சும். போன சுருக்கில் திரும்பி வந்தான்.

"அட்டை ரொம்பப் பிடிச்சிருக்காம். ஆனா பொண்ணு பக்கத்துல அவங்க பையன் கொஞ்சம் கறுப்பாத் தெரியறாராம்."

மாப்பிள்ளை பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். அவரும் குட்டியும் ஏறக்குறைய ஒரே நிறம். அதைச் சம்பந்தியம்மாள் தன் வழியில் கணக்குத் தீர்த்து வைத்திருந்தாள்.

"அடுப்புக்கிட்ட நின்னு நின்னு ஏறின நிறமாம் அது" என்றான் கணவன். "கல்யாணத்துக்குள்ள இறங்கிடுமாம். இறங்கினதுக்கு அப்புறம் என்ன கலர் இருக்குமோ, அதைப் போடச் சொன்னாங்க."

"அதை நான் எப்படிங்க இப்பவே பாக்கறது?" என்று கேட்டாள் மருமகள்.

"நானும் கேட்டேன். உத்தேசமாப் போடச் சொன்னாங்க."

உத்தேசமாகப் போட்டாள். மாப்பிள்ளை வெளுத்தார். அட்டையை வாங்கிப் பார்த்த மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இப்ப எம் பொண்ணு அவருக்கு வேலைக்காரி மாதிரி நிக்கறா. ஏத்து." குட்டி இன்னொரு படி ஏறினாள். ஸ்கூட்டர் போயிற்று. மாப்பிள்ளையும் ஏறினார். ஸ்கூட்டர் வந்தது.

இதற்கிடையில் இரு வீட்டாருக்கும் பேச்சில் தகராறு. சம்பந்தியம்மாள் மாநிறம் என்று போனில் சொன்னால் அது இந்த வீட்டில் சிவப்பு. இங்கே புதுநிறம் என்றால் அங்கே கறுப்பு. சமாதானமாகப் போகட்டும் என்று கணவன் கடையிலிருந்து சுவர்ச் சாயங்களின் மாதிரிப் புத்தகம் இரண்டு பிரதி கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தான். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் போட்டிருந்தது. அதன் பிறகு பேச்சு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"மாப்பிள்ளைக்குப் பாலேடு ஒத்துக்கறோம் சம்பந்தி. ஆனா பொண்ணுக்குக் காலைப்பனி வேணும்" என்றாள் மாமியார் போனில்.

மறுமுனையில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "காலைப்பனி ரொம்பத் தூக்கலா இருக்குமே. நாட்டுத் தந்தம் வெச்சுக்கலாமா?"

"தந்தம்னா உங்க பையனுக்கும் தந்தம்."

"அவனுக்கு முத்து வெள்ளை பாத்து வெச்சிருக்கேன்."

"முத்து வெள்ளை எங்க கடையில குளியலறைக் கூரைக்குத்தான் போகும்மா" என்று கணவன் இடையில் சொல்லிப் பார்த்தான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெளுத்ததும் பின்னால் நின்ற பெற்றோர்கள் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டார்கள். யாரோ வழியில் போன நாலு பேர் படத்துக்குள் புகுந்துவிட்டது போல் இருந்தது. அவர்களையும் ஏற்ற வேண்டியதாயிற்று. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்குக் கொஞ்சம் கம்மியா அடிம்மா. இருபத்தி நாலு மணி நேரமும் இந்தச் சுவருக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். ஒண்ணாச் சேந்து காணாமப் போயிடுவேன்."

"நீங்க பேசாம இருங்க" என்றாள் மாமியார்.

மருமகளிடம் வெளுத்த பேனாக்கள் தீர்ந்தன. கடைசியில் வழி சொன்னது சம்பந்தியம்மாள்தான். "பேசாம ஆளுங்களுக்குக் கலரே போடாம விட்டுடச் சொல்லுங்க. தாளே வெள்ளைதானே."

இரண்டு வீட்டிலும் ஒரே சந்தோஷம். ஏதோ எல்லைச் சண்டை தீர்ந்து கையெழுத்தானது போல ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். மருமகள் கடைசி மாதிரியைச் செய்து மேசையில் வைத்தாள். உடைக்கெல்லாம் வண்ணம் இருந்தது, மரத்துக்கு இருந்தது, புல்லுக்கு இருந்தது. முகம் கை கால் மட்டும் கோட்டோடு நின்றன. ஆறு பேர் தங்கள் உடைகளை அனுப்பிவிட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது போல் இருந்தது.

மாலையில் குட்டி வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே அட்டையை எடுத்துப் பார்த்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் நேரே சுவரில் கொண்டுபோய் முட்டப் போனாலும் "பிரேக் போடுங்க சார்" என்று நிதானமாகச் சொல்கிறவள். இத்தனை நாளும் காலைப்பனி, பாலேடு என்று காதில் விழுந்தபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள். "இதுல என்னை மாதிரி இருக்கறது இந்த மரம் மட்டும்தான்."

மரத்துக்கு எடுத்த பேனாக்கள் எவை என்று மருமகளுக்குத்தான் தெரியும்.

"உன் அம்மா சொன்னாங்க, நான் போட்டேன்" என்றாள். "என்ன செய்யச் சொல்ற?"

"உங்களைக் குத்தம் சொல்லல. உங்க நிறத்துல இருக்கறவங்களுக்கு இது படம் அண்ணி. எனக்கு இது மூஞ்சி."

அவள் குரல் உயரவேயில்லை. மருமகளுக்குத்தான் காது மடல் சுட்டது. 'உனக்கென்ன' என்று மாமியார் சொன்னதையும் இதையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது வாயை அடைக்கச் சொன்னது. இது அப்படியில்லை.

"முதல்ல ஒண்ணு போட்டீங்களே, அம்மா சண்டை பிடிச்சது. அதைக் கிழிச்சுட்டீங்களா?"

கிழிக்க மனம் வராமல் துணி அலமாரியில் சொருகி வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். குட்டி அதை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மோவாய்க்கட்டைக்குக் கீழ லேசா நீலம் ஓடுதே. எனக்கு அப்படியா இருக்கு?"

"வெளிச்சம் பக்கத்துலேர்ந்து வந்தா அப்படித்தான் தெரியும்."

"என்னை யாரும் இவ்வளவு நேரம் பாத்ததில்ல அண்ணி" என்றாள் குட்டி. "பாக்க ஆரம்பிச்சதுமே கண்ணை எடுத்துட்டு, களையா இருக்கான்னு சொல்லிடுவாங்க."

இரண்டு அட்டைகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி காலணியை மாட்டினாள்.

அடுத்த நாள் மாமியார் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போயிருந்த மத்தியானத்தில், தலையில் பள்ளியின் பலகை மாட்டிய கார் வாசலில் வந்து நின்றது. குட்டி ஓட்டுநர் இடத்தில் இல்லை. அங்கிருந்து மாப்பிள்ளை இறங்கினார்.

"வண்டியை மூணு தடவை அணைச்சுட்டார்" என்றாள் குட்டி.

மாப்பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டே மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, ரத்தப் பரிசோதனைக்கு நீட்டுவது போல் நீட்டினார்.

"அக்கா, எனக்கு நிறம் இறங்கப் போறதா அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. பேக்கரிக்குப் போக ஆரம்பிச்சது போன வருஷம்தான். அதுக்கு முன்னாடி ஐஸ் கம்பெனியில இருந்தேன். அப்பவும் இப்படித்தான்."

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னாள். பிறகு குட்டியின் கையையும் அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். பார்த்தாள். மூன்று பேனாக்களை எடுத்தாள். வேறு தாளில் ஓட்டிப் பார்த்து, ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். பெண்ணின் முகத்தை முடித்தாள், மாப்பிள்ளையின் முகத்தை முடித்தாள். இருவரும் இரு பக்கமும் குனிந்து, தாங்கள் தாளில் மெல்லத் தோன்றி வருவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே எல்லாத்தையும் போட்டுடலாம்" என்றாள் குட்டி. "கல்யாணம் பண்ணிக்கறது நாங்கதானே. நாங்களே அனுப்பிடறோம்."

"உங்க அம்மா?"

"அவங்களுக்கும் ஒண்ணு அனுப்பிடலாம். முறைப்படி அழைக்கணும் இல்லையா."

அந்த வாரம் முழுக்க மாமியாருக்குக் கல்யாண வேலையாக வெளியே அலைச்சல் இருந்தது. மத்தியானங்களில் மேசை நிறைந்தது. மருமகள் அச்சுப் பதித்துக் காயவைப்பாள். முகங்களை முடிப்பாள். மாப்பிள்ளை ரொட்டிக்கு மாவு பிசைகிற அழுத்தத்தில் ஒருமுறை அச்சைக் குத்தி, ஆறு பேருக்கும் மூக்கு சப்பையாகிவிட்டதால், உறை ஒட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். குட்டி ஓர் அட்டையில் தன் முகத்தைத் தானே தீட்டிப் பார்த்தாள். இளசான பேனாவை எடுக்கப் போன கை கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு ஆழ்ந்த பழுப்பை எடுத்து, வேண்டியதைவிட அழுத்தி, கோட்டுக்கு வெளியிலும் போய்விட்டாள்.

"இது எனக்கு" என்று சொல்லி அதைத் தனியே வைத்துக்கொண்டாள்.

மாமனார் தன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு நாள் எழுந்து வந்து, கேட்காமலே கையை நீட்டினார். தபாலில் சேர்ப்பதற்குக் கணவன் மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று வாசலில் நின்று யோசித்தான். ஒன்றும் தோன்றாததால் போய்விட்டான்.

அட்டைகள் போய்ச் சேர்ந்த அன்றைக்குப் போன் ஓயவில்லை. மாமியார் ஒவ்வொரு அழைப்பையும் அடி வாங்கப் போகிறவள் போல எடுத்தாள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படியே இருக்காளாம்" என்று ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னாள். "எதிரே வந்து நிக்கற மாதிரியே இருக்காளாம். என்ன திமிர் இருந்தா என்கிட்டயே சொல்லுவாங்க."

சாயங்காலம் சம்பந்தியம்மாள் அட்டையும் கையுமாக வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மாமியாரும் தனக்கு வந்த அட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் நின்றாள். மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். குட்டி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"நாம பேசினது என்ன, நடந்தது என்ன?" என்று ஆரம்பித்தாள் சம்பந்தியம்மாள்.

"எனக்கும் அதேதான். என் வயித்தெரிச்சலை யார்கிட்ட சொல்ல."

"உங்களுக்கென்ன எரிச்சல்? உங்க பொண்ணை ரெண்டு கலர் தூக்கிப் போட்டிருக்கு. எம் பையனைத்தான் உள்ளது உள்ளபடி போட்டு மானத்தை வாங்கியிருக்கு."

மாமியார் திகைத்தாள். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"என்ன சம்பந்தி பேசறீங்க? எம் பொண்ணைத்தான் அச்சு அசலாப் போட்டிருக்கு. உங்க பையன் பாருங்க, எப்படி வெளுப்பா நிக்கறார். குட்டி கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பக்கம் சாஞ்சுட்டா போல."

"எங்க வெளுப்பு? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க."

இருவரும் அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தார்கள். விளக்கைப் போடச் சொன்னார்கள். மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தன் படத்தைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். கடைசியில் இருவரும் ஒன்றாக மருமகள் பக்கம் திரும்பினார்கள்.

"நீயே சொல்லும்மா. யாரைத் தூக்கிப் போட்ட?"

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாரையும் இல்லை அத்தை. ரெண்டு பேருக்கும் அதே பேனாங்கதான். ரெண்டு கையையும் சேத்து வெச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

இரண்டு தாய்மாரும் மறுபடி குனிந்து பார்த்தார்கள். ஒருத்தியின் கண்ணுக்கு மற்றவளின் பிள்ளை வெளுப்பாகவே தெரிந்துகொண்டிருந்தது. அதை மாற்ற அவர்களால் முடியவில்லை. சம்பந்தியம்மாள்தான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"அப்ப பேனாவுலதான் ஏதோ கோளாறு" என்றாள் மாமியார்.

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றாள் சம்பந்தியம்மாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அழைப்பு அட்டையைப் பார்த்துவிட்டு மருமகளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி, தன் மகளுக்கும் இதே போல் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தாள்.

"குட்டிக்குப் போட்ட மாதிரியே உயிரோட இருக்கணும். அச்சு அசலா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடு."

"பொண்ணை அனுப்புங்க சித்தி. நேர்ல கை நீட்டினாத்தான் எனக்குப் போட வரும்" என்றாள் மருமகள்.

"போட்டோ இருக்கே."

"போட்டோ வேண்டாம்."

"உனக்கென்ன, நீ சொல்லுவ."

"ஆமா சித்தி, நான்தான் சொல்றேன். பொண்ணை அனுப்புங்க."

சமையலறையிலிருந்து மாமியார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் மறுநாள் தனியாக வந்தாள். சொல்லி வைத்தது போல ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, கையை மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பவுடர் அப்பியிருந்தது. மேசையில் அவள் கை பட்ட இடமெல்லாம் வெள்ளையாயிற்று.

"அம்மா போட்டு அனுப்பினாங்க" என்றாள், கீழே பார்த்துக்கொண்டே.

மருமகள் எழுந்து போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். அந்தப் பெண் துணியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, முழங்கையிலிருந்து தொடங்கித் துடைக்க ஆரம்பித்தாள்.